ஒரு பக்க நகல்

பூவிழியைக் காலேஜை விட்டு நிறுத்திக் கூட்டிவந்த அன்று, வந்திருப்பது மகளின் ஜெராக்ஸ் என்பதை வாசலில் வைத்தே பாவாயி கண்டுபிடித்துவிட்டாள். அப்பன் செங்கோடன் கண்டுபிடிக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து வந்தவன்தான். கார்த்திகை மாசம் மழைக்கு இருட்டிக்கொண்டு கிடந்த வெளிச்சத்தில் பெண் கொஞ்சம் சாம்பல் பூத்துத் தெரிகிறாள், ஹாஸ்டல் சோறு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, வீட்டில் நாலு நாள் வாய்க்கு ருசியாகத் தின்றால் தேறிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டே வந்துவிட்டான். பாவாயி சொம்புத் தண்ணீரோடு வெளியே வந்து பார்த்தாள். நெற்றிப் பொட்டு சாம்பல் நிறம், சிவப்புச் சுடிதார் சாம்பல் நிறம், இடது கன்னத்தில் மேலிருந்து கீழே மயிர்க்கனத்தில் ஒரு கறுப்புக் கோடு, மிஷின் கண்ணாடியில் ஒட்டியிருந்த தூசியின் கோடு. செருப்பைக் கழற்றப் பெண் திரும்பியபோது பின்னால் ஒன்றுமே இல்லை. சடை இல்லை, முதுகு இல்லை, சுடிதாரின் பின்பக்கம் இல்லை. வெள்ளை. சுண்ணாம்படித்த சுவர் மாதிரி வெறும் வெள்ளை.

"ஒரு பக்கந்தான் போட்டுக் குடுத்திருக்கானுங்க" என்றாள் பாவாயி. சொம்பை ஓரமாக வைத்தாள். தண்ணீர் மேலே பட்டுவிடாமல் பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

கல்லுமேட்டுப்பட்டிக்கு இது ஒன்றும் புதிதில்லை. மரவள்ளிக் காடாகக் கிடந்த புறவழிச்சாலை ஓரத்தில் அந்தக் காலேஜ் எழும்பிய வருஷத்திலிருந்தே நடப்பதுதான். சேரும்போது பத்தாவது மார்க் ஷீட், பன்னிரண்டாவது மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்று எல்லாவற்றிலும் அசலை வாங்கி உள்ளே வைத்துக்கொள்வார்கள். படிப்பு பிடிக்கவில்லை, பணம் கட்ட முடியவில்லை, வேறு இடம் கிடைத்துவிட்டது என்று நடுவில் நிற்கிற பிள்ளைகளையும் அப்படித்தான், அசலை உள்ளே வைத்துக்கொண்டு ஜெராக்ஸை வீட்டுக்கு அனுப்பினார்கள். எப்படி என்று கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆபீஸ் ஜன்னலுக்கு மேலே போர்டு தொங்குகிறது: கட்டிய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: இடையில் நிற்கும் மாணவரின் இடம் வேறொருவரால் நிரப்பப்பட்ட பின்னரே அசல் வழங்கப்படும். போர்டு எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரிதான் மாட்டியிருக்கிறது. சேர்க்கிற அன்று யார் போர்டைப் படிக்கிறார்கள்? பெண்ணுக்கு டை கட்டி அழகு பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறது.

முதல் வருஷம் பெற்றவர்கள் கூட்டமாகப் போய்க் கத்தினார்கள். அடுத்த வருஷம் மனு எழுதினார்கள். மனுவோடு அசலை இணைத்துக் கொடுங்கள் என்று பதில் வந்தது. அதற்கடுத்த வருஷம் பழகிவிட்டது.

பூவிழி நின்றதற்குக் காரணமும் பெரிதாக இல்லை. போன் பண்ணி, பயமா இருக்குப்பா என்றாள். என்ன பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஜன்னலோரம் நின்றால் அபராதம், சிரித்தால் அபராதம், பையன்கள் ஏறுகிற படியில் கால் வைத்தால் அபராதம், அதெல்லாம் எல்லாப் பிள்ளைகளுக்கும்தான். இவளுக்கு அதற்கு மேலே ஏதோ. சாயங்காலம் பேர் கூப்பிடும்போது உள்ளேன் என்று சொல்ல வாய் வரவில்லை, சொல்லிவிட்டால் அங்கேயே இருந்துவிடுவேனோ என்று இருக்கிறது என்றாள். தன்னுடைய குட்டியானை லோடு வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை அடகு வைத்துத்தான் செங்கோடன் முதல் வருஷக் கட்டணம் கட்டியிருந்தான். போனால் போகிறது, பிள்ளை முக்கியம் என்று போய்க் கூட்டிவந்தான். வந்தது இது.

ஊர் வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு அர்த்தநாரி, இவனுக்குப் பங்காளி முறை, அவன் பையன் மிதுனும் இரண்டு வருஷமாக ஜெராக்ஸ்தான். சுற்றிவந்து பார்த்துவிட்டு, "எம்பையனுக்கு ரெண்டு பக்கமும் போட்டுக் குடுத்தான் அண்ணே, அப்பெல்லாம் காலேஜ்காரன் பேப்பரு பாத்துச் செலவு பண்ணமாட்டான், இப்பக் கஞ்சனாயிட்டான்" என்றான். பெண்கள் பூவிழியின் தாடையைத் தொட்டுத் திருப்பிப் பார்த்து, எழுத்தெல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது, கடைவீதி கனகாவின் பெண்ணுக்கு மூக்கே விழவில்லை, அதற்கு இது எவ்வளவோ தேவலை என்று பாவாயிக்கு ஆறுதல் சொன்னார்கள். டவுன் பஸ் கண்டக்டர் ஒரு பக்கம்தானே இருக்கிறது என்று அரை டிக்கெட் போட்டான். ரேஷன் கடை மிஷின் அவள் கட்டைவிரலை வாங்கவில்லை. கோயில் பூசாரி திருநீறு கொடுத்தார், குங்குமம் கொடுக்கவில்லை. வைத்தால் அதுவும் சாம்பலாகிவிடும், பார்க்கிறவர்கள் சகுனம் பேசுவார்கள் என்றார். தரகர் வந்து உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, நகலுக்கு நகல் பார்த்தால் ஜாதகம் ஒத்துவரும், ஆனால் பிறக்கிறது இன்னும் மங்கலாக இருக்கும், யோசித்துச் சொல்லுங்கள் என்று போனார்.

நகல் பிள்ளைகளை வளர்க்க ஊரில் ஒரு முறை ஏற்பட்டிருந்தது. வெயிலில் விடக்கூடாது, மங்கிவிடும். ஈரத்தில் விடக்கூடாது, ஊறிவிடும். அடுப்பருகே நிறுத்தக்கூடாது, சுருண்டுவிடும். ஆடு இருக்கிற வீட்டில் கட்டுத்தறிப் பக்கம் அனுப்பக்கூடாது. பூவிழி வந்த நாலாம் நாளே வெள்ளாடு அவள் துப்பட்டா நுனியைக் கடித்துத் தின்றுவிட்டது. அவள் கத்தவில்லை. தின்று போன இடத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள், நுனியோடு சேர்ந்து சுண்டுவிரலில் பாதியும் போயிருந்தது. பாவாயி அன்றைக்கே ஆட்டைப் பிடித்துச் சந்தைக்கு அனுப்பினாள்.

பெண் எப்போதும் சுவரோரமாகத்தான் நடந்தாள். தன் வெள்ளை முதுகை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அவளுக்கு ஒரு கூச்சம். காலையில் பாவாயி தலைவார உட்கார்த்தினால், வார முன்பக்கத்து மயிர்தான் இருந்தது. அதை நெற்றிக்கு மேலேயே சின்னதாகப் பின்னி, கனகாம்பரம் வைத்துவிட்டாள். அந்தப் பூ மட்டும் நிறம் மாறாமல் நின்றது. சாம்பல் முகத்துக்கு மேலே ஒரு சொட்டு ஆரஞ்சு. அதைக் கண்ணாடியில் பார்க்கும்போது பெண் கொஞ்சம் சிரிப்பாள். பழைய பூவிழிக்குக் கனகாம்பரம் பிடிக்காது. மல்லிகை இல்லாவிட்டால் வேண்டாம் என்பாள். இது இவளாகப் பழகிக்கொண்டது. இப்படி ஒன்றிரண்டு சேர்ந்தது. அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாள். செங்கோடன் வீட்டுக்கு வரும்போது வண்டிச் சத்தம் கேட்டதும் கதவைத் திறப்பாள், ஆனால் வெளியே வரமாட்டாள், நிழல் எதுவரை விழுந்திருக்கிறதோ அதுவரை வந்து நிற்பாள். செங்கோடன் அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போவான். பார்த்தால் அந்தக் கறுப்புக் கோடு கண்ணில் படும். பட்டால் அசலை அங்கே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வரும்.

பயம் என்று ஊரில் ஒன்று இருந்தால் அது ஆடி மாசம்தான். தச்சாசாரி மாணிக்கத்தின் பெண் தேன்மொழியும் இப்படி வந்தவள். முதல் கோடையில் அவளுக்குப் புருவம் போனது. அப்புறம் உதட்டுக் கோடு போனது, அதோடு பேச்சு போனது. சித்திரையில் மூக்கும் கண்ணும் போய், வீட்டுக்குள் ஒரு வெள்ளை மட்டும் நடமாடியது; அம்மாக்காரி அதற்கும் தட்டு வைத்தாள், தட்டில் சோறு கொஞ்சம் குறையவும் செய்தது. ஆடி பிறந்து, அம்மியைத் தூக்குகிற காற்று அடித்தபோது யாரோ கதவைச் சாத்த மறந்தார்கள். பறந்துபோன அதன் பின்னால் ஊரே ஓடியது. கரண்டுக் கம்பியில் ஒரு முறை தட்டியது, வேலிக்கருவையில் ஒரு முறை மாட்டியது, மாணிக்கம் முள்ளுக்குள் கையை விட்டு எட்டுவதற்குள் மறுபடி கிளம்பிவிட்டது. ஏரிக்கு மேலே ரொம்ப நேரம் தெரிந்தது. கொக்கு என்று சொல்லி அவன் பெண்டாட்டியைச் சமாதானம் பண்ணிக் கூட்டிவந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அர்த்தநாரி மிதுனை லேமினேஷன் பண்ணினான். ஊர் ஜெராக்ஸ் கடைக்காரர் சலீம் பாயிடம் அந்த நீளத்துக்கு மிஷின் இல்லை. சேலத்துக்குக் கூட்டிப்போய்ப் பண்ணிவந்தான். அன்றிலிருந்து பையன் மங்கவில்லை. மழையில் நின்றாலும் ஒன்றுமில்லை. பளபள என்று இருந்தான். ஆனால் சொன்னது காதில் விழவில்லை. கையைப் பிடித்தால் வழுக்கியது. எந்த முகத்தோடு உள்ளே போனானோ அந்த முகத்தோடே, தும்மப் போகிறவன் மாதிரி, மூக்கைச் சுருக்கிக்கொண்டே இருந்தான். அவன் அம்மா கட்டிப்பிடித்து அழுதால் கண்ணீர் பிளாஸ்டிக்கில் ஓடிக் கீழே சொட்டியது. பிரித்துவிடலாம் என்று ஓரத்தில் கத்தி வைத்துப் பார்த்தார்கள். காதோரம் தோலும் சேர்ந்து உரிந்தது, விட்டுவிட்டார்கள்.

"பறக்க மாட்டான்ல அண்ணே" என்று அர்த்தநாரி செங்கோடனிடம் சொன்னான். "அது போதும் எனக்கு."

பங்குனி வெயில் ஏறியபோது பூவிழிக்கு இடது புருவம் காணாமல் போனது. பாவாயி கண்மை வைத்து வரைந்துவிட்டாள். மறுநாள் அதுவும் போயிருந்தது. ஜன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டினார்கள். வீடு பகலிலும் இருட்டாகக் கிடந்தது. அந்த இருட்டில் அவள் தன் கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, கைரேகை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். செங்கோடன் அதைப் பார்த்துவிட்டுக் காலேஜுக்குக் கிளம்பினான். அது எத்தனையாவது நடை என்று அவன் கணக்கு வைக்கவில்லை.

காலேஜில் யாரும் விரட்டவில்லை. விரட்டினால் கோபமாவது வரும். அங்கே உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள். நிர்வாக அதிகாரி என்று கண்ணாடி போட்ட ஒருவர், நல்ல குரல், பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஒரு சீட்டு என்பது நாலு வருஷத்துக்கு ஒரு ஆள், நடுவில் எழுந்து போய்விட்டால் அந்த இடத்தில் ஓட்டை விழுந்துவிடும், ஓட்டையோடு ஒரு நிறுவனத்தை நடத்த முடியுமா, நீங்களே சொல்லுங்கள். மீதி மூன்று வருஷப் பணத்தையும் கட்டிவிடுங்கள், இல்லை அந்த இடத்துக்கு வேறு ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து உட்காரவையுங்கள், அந்த நிமிஷமே உங்கள் பெண்ணைக் கூட்டிப்போகலாம். எனக்கும் பெண் இருக்கிறது என்று வேறு சொன்னார்.

பணத்துக்கு வழியில்லை. வண்டியை விற்றாலும் ஒரு வருஷத்துக்குக் காணாது. ஆக, வேறு பிள்ளை.

செங்கோடன் வாழப்பாடியில் தங்கச்சி வீட்டுக்குப் போனான். பழமும் லட்டும் வாங்கிக்கொண்டு போனான். தங்கச்சி மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள்; மாமா வந்திருக்கிறார் என்று ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள், பூவிழி எப்படி இருக்கிறாள், என்னோடு பேசவே மாட்டேன் என்கிறாளே என்று கேட்டாள். நல்ல காலேஜ் ஒன்று இருக்கிறது, சீட்டு காலியாக இருக்கிறது, நான் பேசிவைத்திருக்கிறேன். வருகிற வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தங்கச்சியும் கேட்டாள், எங்கேயாவது நல்ல இடமா பார்த்துச் சேர்க்கணும் அண்ணா, உனக்குத் தெரிஞ்சது இருக்குமா என்று. அப்போது அந்தப் பிள்ளை சொம்பை வைக்கத் திரும்பியது. முதுகு முழுக்கச் சடை. இடுப்புவரை தடித்த சடை, நுனியில் சிவப்பு ரிப்பன். செங்கோடன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அவன் குடிக்காமல் வைத்த தண்ணீரைப் பார்த்து, என்ன கோபம் அண்ணனுக்கு என்று தங்கச்சி நாலு நாள் யோசித்தாளாம்.

திரும்புகிற பஸ்ஸில்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. நல்ல மனுஷன் தப்பு செய்வது, அதைவிடப் பெரிய தப்பைச் செய்யாமல் விட்ட தெம்பில்தான். எந்த ஆபீசுக்குப் போனாலும் நகல் செல்லாது என்பார்கள். அதே நகலில் அரசாங்க அதிகாரி ஒருத்தர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, உண்மை நகல் என்று எழுதிவிட்டால் அசலுக்குச் சமம், வாங்கிக்கொள்வார்கள். வாங்கித்தான் ஆகவேண்டும். அதுதான் நாட்டு வழக்கம். இடத்தை நிரப்ப ஒரு பிள்ளைதானே வேண்டும்? வீட்டில் ஒன்று இருக்கிறதே.

பாவாயியிடம் அவன் அதைச் சொல்லவில்லை. பச்சை மை பட்டால் நகல் மங்காதாம், சலீம் பாய் சொன்னார் என்று சொன்னான். சலீம் பாய் அப்படிச் சொல்லவில்லை. பாவாயி நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், பெண்ணின் வலது புருவமும் அன்றைக்குக் காலையில் போயிருந்தது.

பெரிய கறுப்புக் குடைக்குக் கீழே இரண்டு பேரும் பூவிழியை நடுவில் விட்டு அரசுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் ஊரில் தலைமையாசிரியை மரகதவல்லி டீச்சருக்குத்தான். கண்டிப்பானவர். பூவிழி அவரிடம் படித்த பிள்ளைதான். உட்காரச் சொன்னார், முகத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு முடியாது என்றார். அசலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை, போட்டால் பொய்ச் சாட்சி.

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டான். பாவாயிதான் முன்னால் போனாள்.

"அசலை வயித்துல வச்சிருந்தவ நாந்தாங்க டீச்சர். என்னைவிட யாரு பாத்திருக்கா? ஒப்பிட்டுட்டேன். நகத்துல இருந்து நெத்தி வரைக்கும் ஒரு எழுத்து மாறலைங்க. அவதான் இவ, இவதான் அவ. என் சாமி மேல சத்தியம்."

டீச்சர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து, எங்கே போட என்று கேட்டார். முகத்திலா போட முடியும்? பூவிழி எழுந்து, முதல் தடவையாகத் தானாகவே திரும்பி, அவ்வளவு நாளும் மறைத்து மறைத்து வைத்திருந்த வெள்ளை முதுகைக் காட்டினாள். இடம் தாராளமாக இருந்தது. டீச்சர் பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வட்டச் சீல் வைத்தார். பேனா ஊர்ந்தபோது பெண்ணுக்குக் கூச்சமெடுத்துத் தோள் குலுங்கியது.

"என்னம்மா எழுதிருக்கு?" என்று கேட்டாள்.

"உண்மைன்னு எழுதிருக்கு சாமி" என்றாள் பாவாயி.

சேதி கேள்விப்பட்டு அர்த்தநாரியும் மிதுனை இழுத்துக்கொண்டு ஓடிவந்தான். பிளாஸ்டிக் மேலே மை நிற்கவில்லை. எழுத எழுத உருண்டு கீழே விழுந்தது. டீச்சர் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, கூட்டிப் போங்க என்றார். அர்த்தநாரி பையனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை; அவன் போனான், பையன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு அங்கேயே நின்றான், வாட்ச்மேன்தான் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில், டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று பாவாயியிடம் சொல்லிவிட்டுச் செங்கோடன் பெண்ணைக் கூட்டிக் கிளம்பினான். பாவாயி நெற்றிக்கு மேலே கனகாம்பரம் வைத்து அனுப்பினாள். பஸ் புறவழிச்சாலைக்குத் திரும்பியதும் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. துப்பட்டாவின் கடிபட்ட நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். இவள் காகிதம், செங்கோடன் தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தான், காகிதம், வெறும் காகிதம், எம்பொண்ணு உள்ள இருக்கா, இது காகிதம். பஸ்ஸுக்குள் அடித்த காற்றில் அவள் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டது. அவன் கை தானாகப் போய் அவள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் எழுந்து வெளியே வந்தாள். பூவிழியைத் திரும்பச் சொன்னாள். எழுத்தைப் படித்தாள். சீல் மேலே கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். உள்ளே போய், கண்ணாடிக்காரரைக் கூட்டிவந்தாள். அவரும் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. இவ்வளவு சுலபமான வழி இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றவில்லையே என்றார்.

"செல்லும். சீட்டு நிரம்பியாச்சு."

பதிவறைக் கதவைத் திறந்தார்கள். உள்ளே வரிசை வரிசையாகப் பிள்ளைகள் நிற்பது தெரிந்தது, நம்பர் வரிசைப்படி, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவரிசையிலிருந்து பூவிழியைக் கூட்டிவந்தார்கள். சிவப்புச் சுடிதார் அந்த இருட்டுத் தாழ்வாரத்தில் நெருப்பு மாதிரி இருந்தது. முகத்தில் ரத்தம், காலடியில் நிழல், முதுகில் சடை. செங்கோடன் கிட்டே ஓடினான். கட்டிப்பிடித்தான், கனமாக இருந்தாள், சூடாக இருந்தாள். அப்பா என்றாள். நேற்று பார்த்தவள் மாதிரி சொன்னாள்.

நகல் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவன் அவளைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை.

"உள்ள வெயில் படாதுல்லப்பா?" என்று கேட்டாள்.

"படாது கண்ணு."

"காத்து?"

"ஜன்னலே இல்லை கண்ணு."

"அப்பப் பரவால்ல" என்றாள். நெற்றிக்கு மேலிருந்த பூவை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் திரும்பி நடந்தாள். சுவரோரமாக நடக்கவில்லை. தாழ்வாரத்தின் நடுவில், பச்சைச் சீல் வைத்த வெள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு, தன் அப்பனுக்குச் சிரமம் வேண்டாம் என்கிற மாதிரி கொஞ்சம் வேகமாகவே போனாள். கதவு சாத்தியது. அந்தப் பக்கம் யாரோ பேர் கூப்பிட்டார்கள். உள்ளேன் என்று சொல்ல அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் என்பது செங்கோடனுக்குத் தெரியும். நின்று கேட்டுவிட்டுத்தான் வந்தான்.

வீட்டில் பாவாயி கதவைத் திறந்து, மகளைப் பார்த்து, அழுது, முகத்தைத் தடவி, சடையை எடுத்து மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள். அப்புறம் அவள் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. குடை மடக்கியபடி செங்கோடன் கையில் இருந்தது.

"அவ எங்க?"

செங்கோடன் குடையை மூலையில் சாத்தினான்.

"வெயில்ல நிக்க வச்சிட்டு வந்துட்டீங்களா? எங்க அவ?"

"அவளை வச்சுத்தான் இவளை எடுத்தேன்" என்றான். "ரெண்டும் ஒண்ணுன்னு நீ சத்தியம் பண்ணினேல்ல. அதைத்தான் அங்க குடுத்தேன்."

பாவாயி அழுகையை நிறுத்திவிட்டாள். மகளுக்குச் சோறு போட்டாள். மகள் நன்றாகச் சாப்பிட்டாள். காலேஜில் கஷ்டமா என்று கேட்டதற்கு, கஷ்டம் ஒன்றும் இல்லை, நிற்கச் சொன்னார்கள், நின்றேன் என்றாள். பயமாக இல்லையா என்று கேட்டாள் பாவாயி. எதுக்கும்மா பயம் என்றாள். அது அவள் குரல்தான். ஆனால் போன் பண்ணின பிள்ளையின் குரல் அதில் இல்லை. பயந்த அந்தக் குரல் எவளோடு போயிருந்தது என்று இருவருக்கும் தெரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஜன்னலில் கட்டியிருந்த சாக்கை யாரும் அவிழ்க்கவில்லை.

சேதி ஊருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? விடிந்ததும் தெருவில் குடைகள். நகல் பிள்ளைகளை வைத்திருந்த வீடு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குடை; குடைக்குக் கீழே ஒரு அப்பன், ஒரு அம்மா, நடுவில் சாம்பலாக ஒன்று. சில பிள்ளைகளுக்கு முகம் இருந்தது, சிலதுக்குக் கோடு மட்டும் இருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் தலைவாரியிருந்தார்கள். புதுத்துணி போட்ட மாதிரி மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பெண்கள் மட்டும் பாவாயி வீட்டு வாசலில் நின்றார்கள்.

"டீச்சரம்மா கேப்பாங்களாமே. நீ என்னக்கா சொன்ன? அந்த வார்த்தையைச் சொல்லு, நாங்களும் அதையே சொல்லிடுறோம்."

பாவாயி வாசல்படியில் நின்று அவர்களையும் குடைக்குக் கீழே நின்றவர்களையும் பார்த்தாள்.

"பொய் சொன்னேன்" என்றாள். "ஒண்ணுதான்னு சொன்னேன். ஒண்ணு இல்ல."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கனகா மெதுவாகச் சொன்னாள்: "அது எங்களுக்கும் தெரியுமுக்கா. நீ வார்த்தையைச் சொல்லு."

பாவாயி சொல்லவில்லை. உள்ளே வந்தாள். செங்கோடன் மூலையில் சாத்தியிருந்த கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு, எதிர்த் திசையில், பஸ் நிற்கிற பக்கமாக நடந்தாள். காலேஜுக்குத்தான் என்று அவனுக்குப் புரிந்தது. போய்க் கேட்டால் அந்தப் பிள்ளையைக் கொடுப்பார்கள். கண்ணாடிக்காரர் டீ கொடுத்து, பொறுமையாக எடுத்துச் சொல்லி, தாராளமாகக் கூட்டிப்போங்கள் என்பார். இடம் மட்டும் காலியாக இருக்கக்கூடாது என்பார். அது தெரியாதவளா பாவாயி. தெரிந்துதான் போகிறாள். அந்த இடத்தில் உட்கார யாரைக் கொடுப்பாள் என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

உள்ளே திரும்பினான். மகள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் கலக்கமில்லை. யாரோ பேர் கூப்பிட்டது காதில் விழுந்தவள் மாதிரி எழுந்து நேராக நின்றாள்.

செங்கோடன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான். வெளியே குடைகள் போய்க்கொண்டே இருந்தன. ரொம்ப நேரம் கழித்து அவள், கை வலிக்குது, விடுங்கப்பா என்றாள். அவன் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.